சூடு காட்டினால் நச்சு போகாது

விடுதி மாணவர்கள் வாந்தியும் வயிற்றுவலியுமாக ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் மெஸ் தரப்பிலிருந்து வரும் பதில் ஒன்றுதான்: "நல்லா சூடு பண்ணித்தானே போட்டோம்!" மத்தியானம் இறக்கிய குருமாவும் வடித்த சோறும் ராத்திரி வரை அண்டாவிலேயே கிடந்தன என்பதற்கு இதைவிட வாக்குமூலம் வேண்டுமா?

சூடு கிருமியைக் கொல்லும். அது ஏற்கெனவே கக்கி வைத்த நச்சை விட்டுவிடும். சமைப்பவரின் கைப்புண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் உணவில் சேரும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸின் நச்சு, அரை மணி நேரக் கொதிப்பையும் தாங்கும். ஆறிக் கிடக்கும் சோற்றில் பெருகும் பேசில்லஸ் சீரியஸ் விடும் வாந்தி நச்சோ 121 டிகிரியிலும் அழியாது. இவற்றுக்கு வாடை கிடையாது, ருசியும் மாறாது. ஊசிவிட்டதா என்று முகர்ந்து பார்க்கும் மாஸ்டரின் மூக்கை நம்பி நூறு பேருக்குப் பரிமாறுகிறார்கள்.

ஜப்பானுக்கு இந்தப் பாடம் இரண்டு முறை கிடைத்தது. 2000 மார்ச்சில் ஹொக்கைடோவில் ஸ்னோ பிராண்டு நிறுவனத்தின் ஆலையில் சுமார் மூன்று மணி நேரம் மின்சாரம் போனது. குளிர்ச்சியில்லாமல் நின்ற பாலில் கிருமி பெருகியது. கொட்டிவிடாமல் அதைச் சூடேற்றிப் பொடியாக்கினார்கள். கிருமி செத்தது, நச்சு ஒசாகா வரை போனது. 13,000 பேருக்கு மேல் நோயுற்றனர். 1955-லும் இதே நிறுவனத்தின் பால்பொடிதான் தோக்கியோவின் பள்ளிக் குழந்தைகளை வீழ்த்தியிருந்தது. அத்தனை இயந்திரம் வைத்திருந்த ஆலைக்கே இந்த மறதி.

நம் உணவுப் பாதுகாப்புத் துறை என்ன செய்கிறது? 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்ததும் மாநிலமெங்கும் ஷவர்மா கடைகளில் சோதனை. 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை. தடை தவறில்லை. ஆனால் பண்டத்தின் பெயரைத் துரத்திக்கொண்டிருந்தால் எத்தனை பண்டத்தைத் தடை செய்வது? 60 டிகிரிக்குக் கீழே இறங்கி, 5 டிகிரிக்கு மேலேயே மணிக்கணக்கில் கிடக்கும் எந்த உணவும் ஆபத்துதான், பிரியாணியானாலும் தயிர்சாதமானாலும். உயிர் போனால் ஏழாண்டுக்குக் குறையாத சிறை என்று 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 59-ஆவது பிரிவு சொல்கிறது. அதுவரை காத்திருப்பதுதான் துறையின் வேலையா? இந்த மெத்தனம் வன்மையாகக் கண்டிக்கத்தக்கது.

விடுதி, மண்டபம், கேட்டரிங் எதுவானாலும் சமையலறையில் வெப்பமானி கட்டாயமாக வேண்டும். உணவை இறக்கிய நேரம் அண்டாவிலேயே எழுதப்பட வேண்டும். மிஞ்சியதை உடனே சிறு பாத்திரங்களில் பிரித்துக் குளிரூட்ட வேண்டும், முடியாவிட்டால் கொட்ட வேண்டும். கையில் புண்ணோடு வரும் பணியாளருக்குச் சம்பளம் பிடிக்காமல் விடுப்பு கொடுக்க வேண்டும். பிடித்தால் அவர் புண்ணை மறைத்துக்கொண்டுதான் வருவார். ஆய்வுக்குப் போகும் அலுவலர் முதலில் கேட்க வேண்டியது, "இந்தச் சாம்பாரை எத்தனை மணிக்கு இறக்கினீர்கள்?" பதில் தெரியாத சமையலறையை அன்றே பூட்டி சீல் வைக்கட்டும்.