கொப்பி யாருடையது?

சென்ற வருடம் எங்கள் வகுப்பில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு செயற்றிட்டம் செய்தோம். பூனாகலைத் தோட்டத்து லயங்களுக்கு வரும் பீலித் தண்ணீர் மழைக்காலத்தில் எப்படி மாறுகிறது என்பது தலைப்பு. ஒருத்தி மாதிரி எடுத்தாள், ஒருத்தி ஆச்சிமாரிடம் கேட்டு எழுதினாள், ஒருத்தி படம் வரைந்தாள். எழுதியவை எல்லாவற்றையும் படம் பிடித்து, யார் எதை எப்போது முடிக்க வேண்டும் என்ற அட்டவணையோடு சேர்த்து, கைபேசியில் ஒரு செயலிக்குள் போட்டு வைத்தோம். அழகான செயலி. முப்பது நாட்கள் இலவசம். முப்பத்தோராவது நாள் அது திறக்கவில்லை. டொலரில் பணம் கட்டச் சொன்னது. வங்கி அட்டைக்கு எங்கே போவது? எங்கள் கையெழுத்து, எங்கள் படங்கள், எங்கள் பீலி. ஆனால் சாவி வேறொருவரிடம்.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது பூனாகலையிலிருந்து வரும் தோழியின் நாற்பது பக்க அப்பியாசக் கொப்பிதான். மழையில் நனைந்து நீல மை ஊறிப்போயிருந்தது. ஆனாலும் வாசிக்க முடிந்தது.

அன்றிலிருந்து எனக்குள் இருக்கும் கேள்விதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. கணினியை விட்டுக் கொப்பிக்குத் திரும்புவோம் என்று நான் சொல்ல வரவில்லை. கொப்பியைப் போலவே நமக்குச் சொந்தமாக இருக்கும் மென்பொருள்கள் உண்டு. அவற்றை நாம் தேடுவதில்லை என்பதே என் குறை.

திறந்த மூல மென்பொருள் என்ற சொல்லைத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் படித்து, வரைவிலக்கணத்தை மனனம் செய்து, புள்ளி எடுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். பலரும் அதை “சும்மா கிடைப்பது” என்றே விளங்கி வைத்திருக்கிறார்கள். அந்த முப்பது நாள் செயலியும் சும்மாதான் கிடைத்தது. இங்கே முக்கியம் விலை இல்லை, அனுமதி. பயன்படுத்தலாம், பிரதி எடுத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், தெரிந்தால் திருத்தலாம். உயர்தரத்தில் நாம் படிக்கும் பைதனும் மைஎஸ்கியூஎல்லும் இந்த வகையைச் சேர்ந்தவைதாம். பரீட்சைக்குத் திறந்த மூலம், வீட்டுக்குக் களவுப் பிரதி என்று வாழ்வது எனக்கு விசித்திரமாகப் படுகிறது.

களவுப் பிரதி என்று எழுதியதற்குப் பெற்றோர் கோபிக்கக் கூடாது. கணினியை வாங்கிய இடத்திலேயே “எல்லாம் போட்டுத் தருகிறோம்” என்று பூட்டுடைத்த மென்பொருள்களை ஏற்றித் தருகிறார்கள். வாப்பாமாருக்கு அது தெரியாது. இது ஹராமா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆலிமா அல்ல. ஆனால் அடுத்தவர் தோட்டத்து மாங்காயைக் கேட்காமல் பறிக்காதே என்று வளர்த்த உம்மாவின் வீட்டில், அடுத்தவர் உழைப்பைக் கேட்காமல் எடுத்துப் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருவது எப்படி என்று கேட்கலாம்தானே? உரிமையாளரே எடுத்துக்கொள் என்று கொடுத்திருப்பது பக்கத்தில் இருக்கும்போது.

இதெல்லாம் வெளிநாட்டார் வேலை என்று நினைப்பவர்களுக்கு ஓர் உள்நாட்டுக் கதை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் காணாமற்போனவர் யார், எந்த முகாமில் யார் இருக்கிறார், எந்த நிறுவனம் எங்கே என்ன உதவி செய்கிறது, எங்கே எது போதவில்லை என்ற விவரங்களைத் தாள்களில் வைத்துச் சமாளிக்க முடியாமல் நாடு தத்தளித்தது. அப்போது இலங்கையின் கணினித் தொண்டர்கள் சில நாட்களுக்குள் எழுதத் தொடங்கிய மென்பொருள்தான் ‘சஹன’. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். அதை அவர்கள் பூட்டி வைக்கவில்லை. திறந்து விட்டதால்தான் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸில் ஒரு கிராமத்தையே மூடிய மண்சரிவிலும் அதைப் பயன்படுத்த முடிந்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை அதற்கு வழங்கியது.

மண்சரிவு என்ற சொல்லை இந்த மலையில் யாரும் சும்மா கடந்து போவதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தன. மண்ணுக்குள் எத்தனை பேர் என்று யாராலும் உடனே சொல்ல முடியவில்லை. முதல் நாட்களில் நூற்றுக்கணக்கில் சொன்ன எண்ணிக்கை பிறகு வெகுவாகக் குறைந்தது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்தது. எந்த லயத்தில் எத்தனை பேர், நடக்க முடியாத முதியவர் யார், கைக்குழந்தை எங்கே என்று ஒரு பட்டியலை ஒழுங்காக வைத்திருப்பது அலுவலகக்காரர்களின் வேலை மட்டுமல்ல என்று நினைக்கிறேன். ஐந்து மாணவிகள் ஒரு செயற்றிட்டத்தை நடத்தப் பழகினால் நாளைக்கு அந்தப் பட்டியலையும் வைக்கத் தெரியும்.

அதற்குப் பெரிய கருவி தேவையில்லை. கான்ட் புரொஜெக்ட் என்றொன்று இருக்கிறது. எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதைக் கோடுகளாக வரைந்து காட்டும். மாதிரி எடுக்காமல் சோதனை செய்ய முடியாது என்று சொல்லி வைத்தால், முதலாவது தாமதித்தால் இரண்டாவதும் தானாகத் தள்ளிப்போகும். எங்கள் குழுவில் சண்டை வந்ததெல்லாம் இந்த ஓர் இடத்தில்தான். கோட்டைப் பார்த்த பிறகு யாரும் யாரையும் ஏசவில்லை. இணையம் இல்லாமலே இயங்கும் என்பது சிக்னலுக்காகக் குன்று ஏறுகிறவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்கத் தேவையில்லை.

கையால் எழுத விரும்புவோருக்கு, நானும் அந்தக் கட்சிதான், ஸோர்னல் ப்ளஸ் ப்ளஸ் இருக்கிறது. பாடக்குறிப்பு பிடிஎப் கோப்பின் மேலேயே பேனையால் குறிக்கலாம், சமன்பாடு எழுதலாம், இதயத்தின் படம் வரையலாம். கைபேசியில் என்றால் சேபர். குறையையும் சொல்லிவிடுகிறேன். கணினியில் எழுத எழுதுபலகை ஒன்று தேவை, அதற்குக் காசு தேவை. சுட்டியால் தமிழ் எழுதினால் ‘ஞ’ நண்டு மாதிரி வரும். எழுதுபலகை வாங்க முடியாதவர்கள் கொப்பியில் எழுதிப் படம் பிடித்துச் சேர்ப்பதே நல்லது. அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கோப்பு எந்த வடிவத்தில் சேமிக்கப்படுகிறது என்பதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பாடசாலை ஆவணம் ஒன்றை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யுனிகோட்டில் இருந்திருந்தால் எந்தக் கணினியும் வாசித்திருக்கும். இந்த விஷயத்தில் முஸ்லிம் வீடுகளுக்கு இன்னும் பழைய அனுபவம் ஒன்று உண்டு. நம் மூத்தவர்கள் தமிழை அரபு எழுத்தில், தமிழுக்கென்று சில எழுத்துகளைக் கூட்டிக்கொண்டு, அரபுத்தமிழாக எழுதினார்கள். உம்மும்மாமார் அதில்தான் மார்க்கம் படித்தார்கள். அந்த ஏடுகள் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன. வாசிக்கத்தான் ஆள் குறைந்துவிட்டது. அவர்களுடையதை யாரும் பூட்டவில்லை, காலம் பூட்டியது. நம்முடையதை நாமே பூட்டிக் கொடுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் சொன்ன கான்ட் புரொஜெக்ட்டின் கோப்பைச் சாதாரண குறிப்பேட்டு மென்பொருளில் திறந்தாலும் உள்ளே நாம் எழுதிய தமிழ் தெரியும். அந்த மென்பொருள் நாளை மறைந்தாலும் வேலை மறையாது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குக் கணினி வாங்கும்போது “எல்லாம் போட்டுத் தாருங்கள்” என்று சொல்லாமல், லிப்ரே ஒபிஸ் போடச் சொல்லுங்கள். அதைத் தமிழ் முகப்போடும் பயன்படுத்தலாம். பாடசாலையிடம் இன்னொன்று: கணினிக்கூடத்தை வாரத்தில் ஒரு நாள் பாடவேளை முடிந்தபின் ஒரு மணித்தியாலம் திறந்து தாருங்கள். பூனாகலைப் பக்கம் போகும் பிள்ளைகள் பஸ்ஸைத் தவறவிடாத நாளாக அது இருக்கட்டும். நான் சொன்னவை எல்லாம் ஒரு பென்டிரைவில் என்னிடம் இருக்கின்றன. கேட்டால் தருவேன், பிரதி எடுத்துக்கொண்டு அடுத்தவளிடம் கொடுத்துவிடுங்கள்.