தெருநாய்க்கும் மோப்ப வேலை வருமா? ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதி ஏன் இதைக் கவனிக்கணும்?

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம். கார், பைக், செல்போன் என எல்லாம் தயாராகும் பகுதி. இங்கே கம்பெனி கேட், டீக்கடை, தொழிலாளர் விடுதி, பஸ் ஸ்டாப் என எங்கே பார்த்தாலும் நாலு நாய் நிற்கும். நைட் ஷிஃப்ட் முடிந்து வருபவர்களில் சிலர் அதற்கு பிஸ்கட் போடுவார்கள். சிலர் பயந்து சாலையின் அந்தப் பக்கமாக நடப்பார்கள்.

இந்த நாய்களின் எதிர்காலம் என்ன என்ற கேள்வி இப்போது உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதற்கான பதிலில் ஒரு சின்னப் பகுதி நாயின் மூக்கில் இருக்கிறது. எப்படி என்று பார்க்கலாம்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம் தெருநாய்கள் பற்றி ஓர் உத்தரவு போட்டது. பிடிக்கும் நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிநோய் உள்ளவை, அந்தச் சந்தேகம் உள்ளவை, மூர்க்கமானவை ஆகியவற்றை மட்டும் வெளியே விடக்கூடாது. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் விண்ணப்பிக்கலாம் என்றும் அதில் சொல்லப்பட்டது.

அடுத்து 2025 நவம்பர் 7-ல் இன்னொரு உத்தரவு வந்தது. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பஸ் நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றில் இருக்கும் நாய்களைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். பழைய இடத்தில் திரும்ப விடக்கூடாது.

காரணம் இல்லாமல் இந்த உத்தரவு வரவில்லை. 2024-ல் மட்டும் நாடு முழுக்க 37 லட்சத்துக்கும் மேல் நாய்க்கடி சம்பவங்கள் பதிவாகின. ஆனால் காப்பகத்துக்குப் போகும் நாய் அங்கே என்ன செய்யும்? நாள் முழுக்கக் கூண்டில் கிடந்தால் சில நாய்கள் ஓயாமல் குரைக்கும், சில ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும், சில மூலையில் ஒடுங்கிவிடும். அப்படிப்பட்ட நாயை யாரும் தத்தெடுக்க முன்வர மாட்டார்கள். காப்பகமும் நிரம்பிக்கொண்டே போகும்.

மோப்பப் போட்டி என்றால் என்ன?

அமெரிக்காவில் போலீஸ் மோப்ப நாய்களுக்குப் பயிற்சி கொடுத்து அனுபவப்பட்டவர்கள், அதே வேலையை வீட்டு நாய்களுக்கும் காப்பக நாய்களுக்கும் ஏற்ற விளையாட்டாக மாற்றினார்கள். 2000-களின் பிற்பகுதியில் அது போட்டியாக வளர்ந்தது. வெடிமருந்து, போதைப்பொருள் எதுவும் இதில் கிடையாது. பிர்ச் மர எண்ணெய், அனிஸ் எனப்படும் சோம்பு வகை, கிராம்பு ஆகிய மூன்று வாசனைகள்தான்.

வாசனையை எங்காவது ஒளித்து வைப்பார்கள். வரிசையாக வைத்த பெட்டிகளில், ஓர் அறைக்குள், திறந்தவெளியில், வாகனங்களின் வெளிப்புறத்தில் என நாலு வகைத் தேடல். நாய் கண்டுபிடித்ததும், அதைப் புரிந்துகொண்டு நடுவரிடம் சொல்ல வேண்டியது உடன் வருபவரின் வேலை. 2017-ல் அமெரிக்கன் கென்னல் கிளப்பும் இதே மாதிரிப் போட்டியைத் தொடங்கியது. அதில் கலப்பின நாய்களும் கலந்துகொள்ளலாம்.

மீட்கப்பட்ட நாய்களுக்கு இது ஏன் பொருந்துகிறது? ஒரு நேரத்தில் ஒரு நாய்தான் களத்தில் இறங்கும். மற்ற நாயைப் பார்த்தாலே பாயும் நாயும், ஆளைப் பார்த்தாலே நடுங்கும் நாயும்கூட நிம்மதியாகத் தேடலாம். ஓட்டம், பாய்ச்சல், கட்டளை எதுவும் பெரிதாகத் தேவையில்லை. வயதான நாயும் மூன்று கால் நாயும்கூட விளையாட முடியும்.

இதனால் நாய்க்கு என்ன லாபம்?

2019-ல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. 20 வீட்டு நாய்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவுக்கு இரண்டு வாரம் மோப்ப விளையாட்டு. இன்னொரு குழுவுக்கு உரிமையாளரின் காலடியை ஒட்டி நடக்கும் பயிற்சி. பிறகு, உள்ளே தீனி இருக்குமா இருக்காதா என்று தெரியாத ஒரு கிண்ணத்தை வைத்துப் பார்த்தார்கள். மோப்பம் பிடித்த நாய்கள் பயிற்சிக்கு முன்பைவிட வேகமாக அதை நோக்கிப் போயின. மற்ற குழுவில் அந்த மாற்றம் இல்லை. அதாவது, "நல்லதுதான் நடக்கும்" என்ற நம்பிக்கை அவற்றுக்குக் கூடியிருந்தது.

சின்ன ஆய்வுதான். வீட்டு நாய்களை வைத்துச் செய்ததுதான். ஆனாலும் கூண்டில் நம்பிக்கை இழந்து கிடக்கும் நாய்க்கு எந்தத் திசையில் உதவலாம் என்பதை இது காட்டுகிறது.

நம்ம நாட்டு நாய்களால் முடியுமா?

முடியும். நடந்தும் இருக்கிறது. மேற்கு வங்கத்தின் பராக்பூர் போலீஸ் பயிற்சி மையம் அருகே காயத்தோடு கிடந்த ஒரு தெருநாயைப் போலீசார் மீட்டு, ஆஷா என்று பெயர் வைத்து, வெடிபொருள் கண்டுபிடிக்கப் பழக்கினார்கள். உத்தராகண்ட் போலீசாரும் டேங்கா என்ற தெருநாயைத் தங்கள் மோப்பப் படையில் சேர்த்தார்கள். 2019-ல் அது செய்தியானது.

தெருநாய் இல்லை என்றாலும் நாட்டு இனங்களின் கதையும் இதே பக்கம்தான் நிற்கிறது. 2021-ல் கொரோனா தொற்றை மோப்பத்தால் கண்டறிய ராணுவம் பழக்கிய நாய்களில் நம்ம ஊர் சிப்பிப்பாறையும் இருந்தது. 2024-ல் லக்னோவில் நடந்த அகில இந்தியப் போலீஸ் பணித்திறன் போட்டியில், எல்லைப் பாதுகாப்புப் படையின் ரியா என்ற முதோல் நாய் வெளிநாட்டு இனங்களை முந்தி, தடம் பிடிக்கும் பிரிவில் முதலிடம் பிடித்தது.

இனம் மட்டுமே மூக்கைத் தீர்மானிக்காது என்பதற்கு இன்னொரு உதாரணமும் உண்டு. 2015-ல் வந்த ஓர் ஆய்வில், வாசனையைப் பிரித்தறியும் சோதனையில் சப்பை மூக்கு பக் நாய்கள் ஜெர்மன் ஷெப்பர்டுகளைவிட நன்றாகச் செய்தன.

சரி, இந்தப் பகுதியில் என்ன செய்யலாம்?

நவம்பர் உத்தரவில் தொழிற்சாலைகள் இல்லை. ஆனால் இந்தச் சாலைகளை ஒட்டி கல்லூரிகள், மருத்துவமனைகள், பஸ் நிலையங்கள் நிறைய உண்டு. அங்கே பிடிக்கப்படும் நாய்களுக்கு இடம் வேணும், வேலையும் வேணும்.

மோப்ப விளையாட்டுக்குச் செலவு ரொம்பக் கம்மி. தேவை நாலு அட்டைப் பெட்டி, கொஞ்சம் தீனி, ஒரு நாய்க்கு ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம். முதலில் ஒரு பெட்டியில் தீனியை ஒளித்து வைத்து நாயைத் தேட விட வேண்டும். அதுவாகக் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்க வேண்டும், கையைக் காட்டக் கூடாது. பழகியதும் பெட்டிகளைக் கூட்டலாம், இடத்தை மாற்றலாம். அட்டைப் பெட்டியும் ஆள்பலமும் இந்தத் தொழிற்பேட்டையில் பஞ்சமில்லாத விஷயங்கள். சமூகப் பொறுப்பு நிதி ஒதுக்கும் நிறுவனங்கள் காப்பகத்துக்குக் கட்டடம் கட்டித் தருவதோடு நிற்காமல், பயிற்றுநருக்கான சம்பளத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எதை எதிர்பார்க்கக் கூடாது?

எல்லாத் தெருநாயும் போலீஸ் நாய் ஆகிவிடாது. அந்த வேலைக்குப் பல மாதப் பயிற்சியும், தளராத ஆர்வமும் வேண்டும். மோப்ப விளையாட்டு கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் மாற்றும் கிடையாது. அவை ஒழுங்காக நடக்காவிட்டால் எத்தனை காப்பகம் கட்டினாலும் போதாது.

தெருவில் நிற்கும் பழக்கமில்லாத நாயிடம் இதை முயற்சி செய்யவே வேண்டாம். கடி பட்டால், காயத்தை உடனே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

நாய்களைப் பிடிப்பது உத்தரவின் முதல் பாதி. பிடித்த நாய் ஒரு வீட்டுக்குப் போகிற அளவுக்குத் தேறுகிறதா என்பது மறுபாதி. அந்த மறுபாதிக்குத்தான் நாலு அட்டைப் பெட்டியும் பத்து நிமிஷமும் தேவைப்படுகிறது.