அச்சமும் நகையும்

மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர், நகையை முதலாவதாகவும் அச்சத்தை ஐந்தாவதாகவும் வைத்துச் சொன்னார். இரண்டும் வெவ்வேறு நிலைக்களங்களிற் பிறப்பன. அச்சத்தை விளைவிக்கப் புறப்பட்ட ஒரு படைப்பு, படைத்தவன் சற்றும் எண்ணாதவாறு நகையில் வந்து முடியுமாயின், பிழை எங்கே நேர்ந்தது? பொருட் குறைவிலா, கருத்திலா, கைத்திறனிலா? கலையைப் பயில்வோரும் பயிற்றுவோரும் எண்ணிப் பார்க்கத்தக்க வினா இது. இதற்கு நல்லதோர் உரைகல், எட்வர்ட் வூட் என்பவரின் நெறியாள்கையில் 1955ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘பிரைட் ஒவ் த மொன்ஸ்டர்’ என்னும் திரைப்படம்.

கதை எளியது. சதுப்பு நிலத்தின் நடுவே பாழடைந்த மாளிகையில் வொர்னொஃப் என்னும் விஞ்ஞானி மறைந்து வாழ்கிறார். அணுக்கதிர்களை மனித உடலிற் பாய்ச்சி மாபெரும் வல்லமை படைத்த புதிய இனமொன்றை உண்டாக்குவது அவர் கனவு. அகப்பட்டவர் ஒவ்வொருவராக மடிகின்றனர். வாய் பேசாத பேருருவினன் ஒருவன் அவருக்கு ஏவலாள். பெரியதோர் ஒக்டோபஸ் அவருக்குக் காவல். துப்பறிய வந்த பெண் நிருபர் சிறைப்படுகிறார். ஏவலாள் எசமானுக்கு எதிராகத் திரும்புகிறான். இறுதியில் அணு வெடிப்போடு யாவும் அழிகின்றன.

அஞ்ச வைக்க வேண்டிய இக்கதையைக் கண்டோர் நகைத்தனர்; இன்றும் நகைக்கின்றனர். ஒக்டோபஸ் றப்பராற் செய்யப்பட்டது. 1948இல் வெளிவந்த வேறொரு படத்துக்கென ஆக்கப்பட்டது என்பர். அதனை அசைக்கும் மோட்டர் கிட்டவில்லை. ஆகவே, அதன் வாயில் அகப்பட்டு மடிய வேண்டிய நடிகரே அதன் கால்களைத் தம் கைகளாற் பற்றி ஆட்டிக்கொண்டு அலற வேண்டியதாயிற்று. அடுத்த கணமே உயிருள்ள ஒக்டோபஸ் ஒன்று தெளிந்த நீரில் அமைதியாக நீந்தும் காட்சி ஒட்டப்பட்டிருக்கிறது. முதலிட்டவர் இறைச்சி வணிகர் ஒருவர். அவருடைய மகனே கதாநாயகன். அணு வெடிப்பைக் காட்டிய பின்னரும், சில அடி தூரத்தில் நின்றோர் காயமின்றி நின்று நீதி பேசுகின்றனர்.

இப்படியெல்லாம் நேர்ந்தமைக்குக் கருத்தின் வறுமை காரணம் என்று சொல்வதற்கில்லை. 1954ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் திகதி பிக்கினித் தீவில் அமெரிக்கர் வெடித்த குண்டு, விஞ்ஞானிகள் கணித்ததிலும் இரண்டரை மடங்கு வலிமையோடு வெடித்தது. தொலைவிலே மீன்பிடித்துக்கொண்டிருந்த யப்பானியப் படகொன்றின் 23 பேர் கதிர்வீச்சினாற் பாதிக்கப்பட்டனர். இப்படத்தின் படப்பிடிப்புத் தொடங்கியதும் அதே ஆண்டிலேதான். தன் அறிவுக்குத் தானே அணையிட இயலாத விஞ்ஞானி அன்று வெறுங் கற்பனையல்லன். அவனைக் கண்டு அஞ்ச உலகம் ஆயத்தமாகவே இருந்தது.

பொருட் குறைவே காரணமெனலாமா? படத்தின் செலவு ஏறத்தாழ 70,000 டொலர் என்பர். ஹொலிவூட்டின் கணக்கில் அது சில்லறைக் காசு. எனினும் 1942இல் ஜாக் டூர்னர் நெறிப்படுத்திய ‘கற் பீப்பிள்’ என்ற படமும் சிக்கனமாக எடுக்கப்பட்டதே. இரவில் நீச்சற் குளமொன்றில் ஒரு பெண் தனித்து நிற்கிறாள். நீரின் ஒளி சுவரில் அலைகிறது, நிழலொன்று நகர்கிறது, உறுமல் கேட்கிறது. விலங்கு கண்ணில் அகப்படுவதில்லை. காண்போர் மூச்சை அடக்கிக்கொள்கின்றனர். காட்ட வசதியில்லாததைக் காட்டாது விட்டது அவரது கலை. காட்ட வசதியில்லாததையே வெளிச்சமிட்டுக் காட்டியது வூட்டின் பேதைமை. இல்லாமை இருவருக்கும் பொது. அதனைத் தமக்கு ஏவலாக்கிக்கொண்டவர் ஒருவர். அதற்கு இரையானவர் மற்றவர்.

இத்தனைக்கும் நடுவே ஓரிடத்தில் நம் நகை தானாகவே நின்றுவிடுகிறது. வொர்னொஃப்பைத் தாய்நாட்டுக்கு அழைத்துச்செல்ல ஒருவர் வருகிறார். ‘வீட்டுக்குத் திரும்புவோம்’ என்ற பொருள்பட அவர் சொல்லக் கேட்டதும், தமக்கு வீடென ஒன்றில்லை என்கிறார் முதியவர். துரத்தப்பட்டதையும் இகழப்பட்டதையும் விலங்குபோற் பதுங்கி வாழ நேர்ந்ததையும் சொல்லிச் செல்கிறார். அங்கே றப்பர் இல்லை. மின்னற் பொறி இல்லை. ஒரு முகமும் ஒரு குரலுமே உள. செலவில்லாத அந்த ஒரு காட்சியே படத்தில் உண்மையான காட்சி.

அந்த முகம் பெலா லுகோசியுடையது. 1882இல் அன்றைய ஹங்கேரியில் பிறந்தவர். நடிகர் சங்கத்தில் முன்னின்று உழைத்தமையால், 1919இல் புரட்சி அரசு வீழ்ந்தபோது நாட்டைவிட்டு ஓட நேர்ந்தவர். 1931இல் ‘டிராகுலா’ படத்தால் உலகப் புகழ் எய்தி, பின்னர் அப்புகழாலேயே பேய்களும் பைத்தியக்கார விஞ்ஞானிகளுமாக மட்டும் நடிக்கச் சிறைப்பட்டவர். வூட்டின் படத்தில் நடித்தபோது எழுபதைக் கடந்திருந்தார். நோவு தணிக்க உட்கொண்ட மருந்துக்கு அடிமையாகி, 1955இல் தாமாகவே சிகிச்சைக்குச் சென்றார். மறு ஆண்டு ஒகஸ்ட் 16ஆம் திகதி காலமானார். நாடிழந்த விஞ்ஞானியின் சொற்களை நாடிழந்த நடிகர் பேசியபோது, பொய்க்கதையினுள்ளே மெய் புகுந்துகொண்டது. பெரிய நிறுவனங்கள் கைவிட்ட அம்முதியவருக்கு அந்த வாய்ப்பை நல்கியவர், உலகம் நகைக்கும் அதே வூட்டுதான் என்பதையும் மறத்தலாகாது.

வூட் வறுமையில் 1978இல் இறந்தார். இரண்டாண்டுகள் கழித்து மெட்வெட் சகோதரர் எழுதிய நூலொன்று அவருக்கு ‘எக்காலத்துக்கும் மிக மோசமான நெறியாளர்’ என்ற பட்டஞ் சூட்டியது. அதன் பின்னர் அவருடைய படங்களைக் கூடியிருந்து எள்ளிச் சிரிப்பது ஒரு வழக்கமாயிற்று. 1994இல் டிம் பேர்ட்டன் அவருடைய வாழ்வைப் பரிவோடு படமாக்கினார். அதில் லுகோசியாக நடித்த மார்ட்டின் லாண்டோ சிறந்த துணை நடிகருக்கான ஒஸ்கார் பரிசையும் பெற்றார். எள்ளலுக்கும் பரிவுக்கும் இடையில் இப்படைப்பு இன்னும் ஊசலாடுகின்றது.

நகை பிறக்கும் இடங்கள் நான்கென்பார் தொல்காப்பியர்; எள்ளலும் பேதைமையும் அவற்றுள் வெவ்வேறாக நிற்கின்றன. பேதைமை கண்டு பிறக்கும் நகை நேர்மையானது. கலைஞன் தன் படைப்பைக் காண்போன் கண்கொண்டு பார்க்கத் தவறினான் என்ற தீர்ப்பு அதில் அடங்கியிருக்கிறது. அத்தீர்ப்பை மறைப்பது கலைக்குச் செய்யும் துரோகம். நல்ல நோக்கமும் தளரா ஊக்கமும் கலையாகிவிடா என்பதை இளம் எழுத்தாளர் வூட்டிடம் கற்கலாம். எள்ளலோ சிரிப்பதற்கென்றே வந்து அமர்வது. லுகோசியின் முகம் திரையில் தோன்றும்போதும் அது சிரித்துக்கொண்டேயிருக்கும். குறைகளை எண்ணத் தெரிந்தவன் குறைகாண்போன் மட்டுமே. குறைகளினூடே மெய்யொன்று தலைகாட்டும் கணத்தை அறிந்து, சிரிப்பை நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவனையே நாம் விமரிசகன் என்போம்.