மானேஜரை மாற்றினால் போதுமா?

இங்கிலாந்தின் கால்பந்துப் பந்தயங்களை நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து பார்க்கும் இளைஞர்கள் இன்று நம் வீடுகள் பலவற்றில் உண்டு. அவர்கள் அறிந்தவை பெரும்பாலும் செல்வம் கொழிக்கும் பெருங் கழகங்கள். நாம் இத்திங்கள் பேச விழைவது அவற்றினும் மூன்று படி கீழே, நான்காம் நிலையில் நின்று தவிக்கும் சிறு கழகங்களைப் பற்றி. தொடர்ந்து ஐந்தாறு ஆட்டங்கள் தோற்றுவிட்டால் அங்கே எழும் முதற் கூக்குரல், “மானேஜரை நீக்குக!” என்பதே. அது நியாயந்தானா?

நம் நாட்டில் கிரிக்கெட் குழுவோடு செல்லும் மானேஜர் பிரயாண ஏற்பாடுகளையும் தங்கும் விடுதியையும் கவனிப்பவர். ஆங்கிலக் கால்பந்து மானேஜரோ பயிற்சி அளிப்பவர்; ஆடுவோரைத் தேர்ந்தெடுப்பவர்; ஆட்ட முறையை வகுப்பவர். ஆதலால் தோல்வியின் பழி முழுவதும் அவர் தலையில் விழுகிறது. நான்காம் நிலையில் உள்ளவை 24 கழகங்கள். பருவ முடிவில் கடைசி இரண்டு இடங்களில் நிற்பவை லீக்கைவிட்டே வெளியேற வேண்டும். வருமானம் குறையும், ஆட்டக்காரர் சிலர் பிரிவர், ஊழியர் சிலர் வேலை இழப்பர். ஓர் ஊரின் பெருமையோடு பல குடும்பங்களின் பிழைப்பும் இதில் அடங்கியிருக்கிறது.

லண்டனுக்கு வடமேற்கே உள்ள விக்கம் வாண்டரர்ஸ் கழகத்தின் கதையைப் பாருங்கள். 2012 செப்டம்பரில் அது தன் மானேஜர் கேரி வாடக்கை நீக்கிவிட்டு, தன் ஆட்டக்காரரான கேரத் எய்ன்ஸ்வர்த்திடம் பொறுப்பை ஒப்படைத்தது. அப்பருவத்தில் கழகம் தப்பிப் பிழைத்தது. ஆனால் அடுத்த பருவத்தில் மீண்டும் சரிவு. 2014 மே 3-ஆம் நாள், கடைசி ஆட்டம் தொடங்கும்போது, விக்கம் வீழ்ச்சி இடத்தில் நின்றது. அதற்கு மேலே நின்ற பிரிஸ்டல் ரோவர்ஸ் மூன்று புள்ளிகள் முன்னே இருந்தது. அன்று விக்கம் 3–0 என்று வென்றது. ரோவர்ஸ் 0–1 என்று தோற்றது. இரண்டுக்கும் சமமாக 50 புள்ளிகள். கோல் கணக்கில் மூன்றே கோல் வித்தியாசத்தில் விக்கம் தப்பியது.

இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. விக்கம் மானேஜரை மாற்றவில்லை. ரோவர்ஸ்தான் மார்ச்சு மாதத்தில் ஜான் வார்டை வேறு பதவிக்கு அனுப்பி, டாரல் கிளார்க்கை அவரிடத்தில் அமர்த்தியது. மாற்றியும் பயனில்லை, 1920 முதல் லீக்கில் இருந்துவந்த கழகம் முதன்முறையாக வெளியேறியது.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. தோல்வியின் கசப்பு ஆறுமுன்பே கிளார்க்கையும் விரட்டியிருக்கலாம். ரோவர்ஸ் நிர்வாகம் அவ்வாறு செய்யவில்லை. அவர் தலைமையில் கழகம் 2015-இல் லீக்குக்குத் திரும்பியது. 2016-இல் மூன்றாம் நிலைக்கும் உயர்ந்தது. விக்கமும் எய்ன்ஸ்வர்த்தைக் கைவிடவில்லை. 2018-இல் அது மூன்றாம் நிலையை எட்டியது. 2020-இல் தன் வரலாற்றிலேயே முதன்முறையாக இரண்டாம் நிலையில் கால் வைத்தது.

அப்படியானால் மாற்றமே கூடாதா? அவ்வாறு சொல்வதும் அவசர முடிவே. 2018 டிசம்பரில், மூன்றாம் நிலையில் தத்தளித்த ரோவர்ஸ் அதே கிளார்க்கைப் பிரிந்தது. பின்வந்த கிரகாம் கோக்லன் கழகத்தைக் கரை சேர்த்தார். விக்கத்தில் பத்தாண்டு புகழோடு விளங்கிய எய்ன்ஸ்வர்த்தோ, 2023 பிப்ரவரியில் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்குச் சென்று, எட்டே மாதத்தில் பதவி இழந்தார். மனிதர் ஒருவரே, இடம் வேறு, துணை வேறு.

நெதர்லாந்தின் முதல்நிலைப் பந்தயங்களை 1986 முதல் 2004 வரை ஆராய்ந்த பொருளியல் அறிஞர் பாஸ் தெர் வேல், மானேஜரை நீக்கிய கழகங்களையும், அதே சரிவில் இருந்தும் நீக்காத கழகங்களையும் ஒப்பிட்டார். இரு சாராரும் ஏறக்குறைய ஒன்று போலவே மீண்டனர் என்று கண்டார். காரணம் விளங்காததல்ல. அதிர்ஷ்டம் மிகத் தாழ்ந்திருக்கும் வேளையிலேதான் மானேஜரை நீக்குகிறார்கள். காயமுற்றோர் திரும்புவதும், கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து உள்ளே புகுவதும் எப்படியும் நிகழக்கூடியவை. புகழோ புதியவருக்குப் போகிறது!

ஆகவே நிர்வாகிகள் அட்டவணையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாகாது. மூன்று வினாக்களை அவர்கள் தமக்குள் எழுப்பிக்கொள்ள வேண்டும். ஆட்டக்காரர்கள் இன்னமும் அவர் சொல்லுக்குச் செவி சாய்க்கிறார்களா? வேண்டிய ஆட்களையும் பொருளையும் நாம் அவருக்குக் கொடுத்தோமா? வரப்போகிறவர் அதே பதினொருவரைக்கொண்டு வேறாக என்ன செய்வார்? முதல் வினாவுக்கு ‘இல்லை’ என்பது விடையானால், தாமதியாமல் மாற்றுவதே நலம். செவி சாயாத கூட்டத்தை யாரும் நடத்த இயலாது. இரண்டாவதற்கு ‘இல்லை’ என்பது விடையானால், குற்றம் நிர்வாகிகளுடையது. மானேஜரை நீக்குவது அதை மறைக்கும் திரையேயாகும். மூன்றாவதற்கு விடையே இல்லையெனில், பழையவருக்குச் சேர வேண்டிய ஒப்பந்தப் பணமும் புதியவரின் சம்பளமும் வீண் செலவு.

ஆண்டுதோறும் காரியதரிசியை மாற்றியும் கூட்டத்துக்கு ஆள் சேராத சங்கங்களை நம் அன்பர்கள் அறியாதவர்கள் அல்லர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடம் உண்மையிலேயே கோணலாயிருந்தால் அதைச் செப்பனிடத்தான் வேண்டும். ஆனால் இடிப்பதற்குமுன் நூல் பிடித்துப் பார்ப்பது நல்லது.