சர்வர் நம் அறையில் இருந்தால் பத்திரமா?

கல்லூரி நூலகக் குழுவில் யாராவது கிளவுட் பேச்சை எடுத்தால் போதும், பதில் தயாராக இருக்கும்: “நம்ம டேட்டாவை எவனோ ஒருத்தன் கையில எதுக்குக் கொடுக்கணும்? சர்வர் நம்ம கட்டடத்துல, நம்ம கண்ணெதிரே இருக்கட்டும்.” முதல்வர் தலையாட்டுவார். தீர்மானம் அங்கேயே முடிந்துவிடும். மறுத்துப் பேசுகிற நூலகரை, ஏதோ கம்பெனிக்காகப் பேசுகிறாரோ என்று நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

இந்தக் கருத்தை அபத்தம் என்று தள்ளிவிட முடியாது. பாதுகாப்பு, இணைய இணைப்பு, செலவு, உரிமை என்று நான்கு தனித்தனிக் கவலைகள் அதற்குள் ஒரே மூட்டையாகக் கட்டிக் கிடக்கின்றன. மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால்தான் எது நிற்கும், எது நிற்காது என்பது தெரியும்.

கண்ணெதிரே இருந்தால் பத்திரம் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தைவிடவா நம் சர்வர் அறைக்குக் காவல் அதிகம்? 2023 அக்டோபர் 28 அன்று அந்த நூலகத்தின் கணினிகளை ரைசிடா என்ற கும்பல் தாக்கியது. சுமார் 600 ஜிபி தகவலை அள்ளிக்கொண்டு 20 பிட்காயின் கேட்டது. நூலகம் கொடுக்க மறுத்தது. திருட்டுத் தகவல் இணையத்தின் கள்ளச்சந்தைக்குப் போயிற்று. போகிற போக்கில் சர்வர்கள் பலவற்றையும் நாசம் செய்துவிட்டார்கள். மின்னுருவாக்கிய சேகரிப்புகளின் பிரதிகள் பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால் அவற்றைத் திரும்ப ஏற்றுவதற்கு உருப்படியான கட்டமைப்பு இல்லை. முதன்மை நூற்பட்டியல் இணையத்துக்குத் திரும்பவே 2024 ஜனவரி 15 ஆகிவிட்டது, அதுவும் தேடிப் பார்க்க மட்டும்.

அந்த ஆண்டு மார்ச்சில் நூலகமே ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் குறைகளை இவ்வளவு வெளிப்படையாக எழுதிய அரசு நிறுவன அறிக்கைகள் குறைவு. வெளியிலிருந்து வேலை செய்பவர்களுக்காகத் திறந்து வைத்திருந்த ஒரு சர்வர் வழியாகத் திருடர்கள் நுழைந்திருக்கலாம், அதற்குக் கூடுதல் அடையாளச் சோதனை இல்லை என்று ஒத்துக்கொள்கிறது. காலாவதியான பழைய மென்பொருள்கள் பலவற்றை இனி அப்படியே மீட்க முடியாது என்கிறது. நம் குழுக்கள் படிக்க வேண்டிய வரி இன்னொன்று: சம்பளம், நிதிக்கணக்கு போன்ற கிளவுட்டில் இருந்த அமைப்புகள் தாக்குதல் நடந்த காலம் முழுக்க வழக்கம்போல் ஓடின. விழுந்தது பெரும்பாலும் வீட்டுக்குள் இருந்த பழைய சரக்கு.

நம் சர்வருக்கு வருவோம். பல இடங்களில் அது பெயருக்குத்தான் சர்வர். இஷ்யூ கவுண்டருக்குக் கீழே ஒரு டவர் சிபியு, அதில் கோஹா, சோல் போன்ற நூலக மென்பொருள் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். யுபிஎஸ்ஸில் பேட்டரி மாற்றிய தேதிச் சீட்டு மங்கிப்போயிருக்கும். இரவுதோறும் பேக்கப் எடுக்கிறது, உண்மை. அந்தக் கோப்பு விழுவது அதே ஹார்டு டிஸ்கில். கொஞ்சம் பொறுப்பானவர்கள் வாரம் ஒருமுறை பென் டிரைவில் போட்டுவைப்பார்கள். பென் டிரைவ் அதே மேசையின் டிராயரில் தூங்கும். அந்தக் கோப்பை இன்னொரு கணினியில் ஏற்றி, பட்டியல் முழுசாகத் திரும்புகிறதா என்று சோதித்தவர்கள் மிகச் சிலர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அப்படியொரு நாளில் தரைத்தளத்தில் நிற்கிற டவருக்கும் டிராயரில் இருக்கிற பேக்கப்புக்கும் ஒரே கதிதான்.

“கிளவுட் மட்டும் எரியாதா?” என்று கேட்பார்கள். எரியும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் ஒன்று எரிந்து போனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜான் நகரத் தரவு மையத்தில் தீப்பிடித்து, அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த ஜி-டிரைவ் 858 டெராபைட்டோடு போயிற்று. வெளியில் வேறு பிரதி இல்லை. இந்த உதாரணத்தைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. டேஜானில் எரிந்தது கொரிய அரசின் சொந்த மையம். அது எவனோ ஒருத்தன் கையில் இல்லை, அவர்கள் கண்ணெதிரேதான் இருந்தது.

எதிர்த்தரப்புக்கு இதைவிட வலுவான சாட்சி யூனிசூப்பர். ஆஸ்திரேலியாவின் இந்த ஓய்வூதிய நிதியம் கூகுள் கிளவுட்டில் இரண்டு இடங்களில் பிரதி வைத்திருந்தது. 2024 மே மாதம், கூகுள் தரப்பில் நேர்ந்த தவறால் அதன் தனிக் கிளவுட் சந்தாவே அழிந்து, இரண்டு பிரதிகளும் ஒன்றாய்ப் போயின. வேறொரு நிறுவனத்திடம் தனியாக வைத்திருந்த பேக்கப் கைகொடுத்தது. ஒரே நிறுவனத்தை நம்பி உட்காரக் கூடாது என்பதற்கு இது நல்ல ஆதாரம். கவுண்டருக்குக் கீழே இருக்கிற டவரை நம்பலாம் என்பதற்கு ஆதாரம் ஆகாது. பிரதிகள் எத்தனை, அவை எவ்வளவு தள்ளித்தள்ளி இருக்கின்றன, வேறுவேறு கைகளில் இருக்கின்றனவா என்பதைத்தான் கேட்க வேண்டும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக நூலகம் 1999-ல் தொடங்கிய லாக்ஸ் திட்டம் இந்த எண்ணத்தில் பிறந்ததுதான்: மின்னிதழ்களின் பிரதிகளைப் பல நூலகங்கள் தனித்தனியே வைத்துக்கொள்ளும், ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பழுதைச் சரிசெய்துகொள்ளும். ஒரே பிரதி, ஒரே கட்டடம் என்றால் என்ன ஆகும் என்பதை 1981-ல் நூலகம் எரிக்கப்பட்ட பிறகு யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்து, “நெட் போனால் நூலகமே நின்றுவிடும்” என்கிறார்கள். நியாயமான கவலைதான், குறிப்பாக ஊரகக் கல்லூரிகளில். ஆனால் நாம் அறைக்குள் பூட்டிவைத்திருக்கிற கோஹா பிறந்த கதையைக் கேளுங்கள். நியூசிலாந்தில் ஹோரோஹெனுவா என்ற சின்ன மாவட்டத்தின் நூலகங்களில் ஓடிய பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாண்டாது என்ற நிலை. கட்டிபோ என்ற நிறுவனத்தைக் கொண்டு புதிதாக எழுதவைத்தார்கள். 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. கிளை நூலகங்கள் சாதாரணத் தொலைபேசிக் கம்பியில், மோடம் வழியாகவே தலைமை சர்வரோடு வேலை செய்ய வேண்டும் என்பது அவர்களின் தேவை. அதாவது, தூரத்தில் இருக்கிற சர்வரை மெதுவான இணைப்பில் பயன்படுத்துவதற்கென்றே பிறந்த மென்பொருள் அது. இணைப்பு அறுந்த நேரத்தில் இஷ்யூ, ரிட்டர்னைப் பதிந்து வைத்துப் பிறகு ஏற்றவும் அதில் வழி உண்டு. ஒரு மணி நேரம் நோட்டில் எழுதினாலும் குடி முழுகாது.

வாசகர் பக்கமிருந்தும் இதைப் பார்க்கலாமே. சர்வர் வளாக லேனுக்குள் மட்டும் இருந்தால், புத்தகம் அலமாரியில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மாணவி பேருந்து ஏறி வர வேண்டும். வாசகரின் நேரத்தைச் சேமி என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-லேயே விதி எழுதிவிட்டார்.

செலவு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. “வருஷா வருஷம் வாடகை” என்பவர்கள் யுபிஎஸ் பேட்டரி, பராமரிப்பு ஒப்பந்தம், ஐந்தாறு வருடத்துக்கு ஒரு புது சர்வர் எல்லாவற்றையும் கணக்கில் சேர்ப்பதில்லை. நூற்பட்டியல் நாம் நினைப்பதைவிட மிகச் சிறியது. ஒரு நூலின் பதிவுக்கு 2 கேபி என்று வைத்தாலும் 50,000 நூல்களுக்கு 100 எம்பிதான். இஷ்யூ வரலாறு, உறுப்பினர் விவரம் எல்லாம் சேர்ந்தாலும் சில ஜிபியைத் தாண்டுவது அரிது. அரசு நூலகங்களுக்குத் தேசியத் தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயா மென்பொருள் அந்த மையத்தின் கிளவுட்டிலேயே கிடைக்கிறது.

ஸ்கேன் செய்த பழைய நூல்கள் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். ஏ4 பக்கம் ஒன்றை 300 டிபிஐ வண்ணத்தில், சுருக்காமல் வைத்தால் 26 எம்பி. 300 பக்க நூல் ஏறக்குறைய 8 ஜிபி. ஆயிரம் நூல் என்றால் 8 டெராபைட். கிளவுட்டில் வைக்க ஒரு கட்டணம், எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டி வந்தால் பல இடங்களில் தனிக் கட்டணம். இந்த மாதிரி சேகரிப்புக்கு மூலப் படங்களை உள்ளூர் டிஸ்கில் வைத்து, ஒரு பிரதியை மட்டும் வெளியே அனுப்புவதுதான் புத்திசாலித்தனம். இந்த இடத்தில் எதிர்த்தரப்புக்குப் பாதி வெற்றி.

மிச்சம் இருப்பது உரிமை. 2009-ல் அமேசான், ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் புத்தகங்களை எடுத்துக்கொண்டது. இவற்றைக் காட்டித்தான் “கிளவுட் என்றால் இப்படித்தான்” என்கிறார்கள். ஆனால் அடுத்தவர் புத்தகத்தை வாடகைக்கு எடுப்பது வேறு, நம் புத்தகத்தை வாடகை வீட்டில் வைப்பது வேறு. மின்னூல் உரிமத்தின் கோளாறுக்கு நூற்பட்டியல் சர்வர் என்ன செய்யும்? பட்டியல் பதிவுகளை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதற்காகவே 1960-களில் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியட் அவ்ரம் மார்க் வடிவத்தை உருவாக்கினார்; அன்று காந்த நாடாவில் போனது, இன்று கோப்பாகப் போகிறது.

மார்க்கில் வெளியே வருவது நூற்பதிவுகள் மட்டும்தான். உறுப்பினர் பட்டியல், நிலுவைகள், அபராதம், இஷ்யூ வரலாறு ஆகியவை அதில் வராது. விலகும்போது பலர் மாட்டிக்கொள்வது இதில்தான். அதனால் முழுத் தரவுத்தளத்தையும் மாதம் ஒருமுறை நம் கைக்குத் தர வேண்டும், விலகினால் இத்தனை நாளுக்குள் தர வேண்டும், தந்தபின் அவர்களிடம் இருப்பதை அழிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவாங்குங்கள். கையெழுத்துப் போட மறுக்கிற நிறுவனத்திடம் போகாதீர்கள்.

வாசகர் ரகசியத்துக்கும் இதேதான். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையை வெளியில் கொடுத்தாலும் பதில் சொல்ல வேண்டியது தரவைத் திரட்டிய நிறுவனமே. யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார் என்ற பதிவை, புத்தகம் திரும்பியதும் பெயரில்லாமல் ஆக்குகிற அமைப்பு கோஹாவில் இருக்கிறது. சர்வர் லண்டனில் இருந்தாலும் கவுண்டருக்குக் கீழே இருந்தாலும் அதை இயக்கலாம். நம் அறைக்குள் இருக்கிற சர்வர்களில் அதை இயக்கி வைத்திருக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கவுண்டரில் உட்காருகிற எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு, அது மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய சீட்டில் இருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.