பின்னோக்கி மடங்குவது முழங்காலன்று

"பறவைகளுக்கு முழங்கால் பின்புறமாக மடங்கும்" என்று இன்னும் எத்தனை காலம் எழுதிக்கொண்டிருப்போம்? பூநாரையின் நெடுங்காலில் நடுவே மடங்குவது முழங்காலன்று, கணுக்கால். அதற்குக் கீழே நாம் கால் என்று எண்ணுவது, நீண்டு நிமிர்ந்த பாதம். உண்மையான முழங்கால் இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. நம்முடையதைப் போலவே முன்னோக்கியும் இருக்கிறது.

இதைச் சுட்டினால், "சொல்தானே, பொருள் விளங்கினால் போதாதா?" என்கின்றனர். மொழியியல் பயின்ற எனக்கு இவ்வாதம் புதிதன்று. பொருள் விளங்கவில்லை என்பதே என் வழக்கு. உறுப்பின் பெயரைத் தவறவிட்டவர் அதன் தொழிலையும் தவறவிடுகிறார். பறவைக்கு எடைமிக்க நெடுவால் இல்லை. உடலின் எடைமையம் இடுப்புக்கு முன்னே விழுகிறது. தொடையெலும்பு ஏறக்குறையக் கிடைமட்டமாக முன்னே நீண்டு, பாதத்தை அம்மையத்தின் கீழ்க் கொண்டுவந்து நிறுத்துகிறது. கணுக்காலை முழங்கால் என்பவருக்கு, இந்தத் தொடை இருப்பதே தெரியாது.

இரண்டாவது பிழை: "உடல் பெருத்தால் கால் தடிக்கும், அவ்வளவே." இதில் பாதி உண்மை உண்டு. 1638-இல் கலிலியோ வெளியிட்ட கருத்துதான்: வடிவம் மாறாமல் நீளம் 2 மடங்கானால், எலும்பின் குறுக்குப் பரப்பு 4 மடங்காகும், எடையோ 8 மடங்காகிவிடும். ஆனால் எடை மட்டுமே விதியெனில், தீக்கோழியின் காலும் நியூசிலாந்தில் அழிந்துபோன பருங்கால் மோவாவின் காலும் ஒத்திருக்க வேண்டும். இரண்டுமே 100 கிலோவைத் தாண்டக்கூடியவை. தீக்கோழி மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அதன் தசைகள் இடுப்பருகே குவிந்துள்ளன, காலின் கீழ்ப்பகுதி நீண்ட தசைநாண்களால் இயங்குகிறது, விரல்கள் இரண்டே. மோவாவின் காலோ குட்டையானது, தூண் போன்றது. நம் குளங்களின் முக்குளிப்பானைப் பாருங்கள்: நீந்துவதற்காகக் கால்கள் உடலின் பின்கோடிக்குச் சென்றுவிட்டன, தரையில் தள்ளாடுகிறது. பறந்தே வாழும் உழவாரனுக்குக் கால்கள் இருப்பதே எளிதில் தெரியாது.

உடலின் அளவு ஒரு வரம்பை விதிக்கிறது. அவ்வரம்புக்குள் வடிவத்தைத் தீர்மானிப்பதில் இயக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த நிற்பும்கூட அளவோடு மாறுகிறது: சிறு பறவைகள் கால்களை மடக்கிக் குந்தினாற்போல் நிற்கின்றன, பெரியவை காலை நிமிர்த்தித் தசையின் சுமையைக் குறைத்துக்கொள்கின்றன. எந்த மூட்டு எது என்று அறியாதவரால் இவ்வேறுபாட்டைக் காணவே இயலாது.

தமிழில் அறிவியல் எழுதுவோரிடம் நான் வேண்டுவது புதுச் சொல்லன்று. கணுக்கால் என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை அதற்குரிய மூட்டின்மேல் வையுங்கள்.