எழுதி வைப்போம், எழுந்து நடப்போம்

இரண்டாம் ஆண்டு, இளநிலை வேதியியல்

எண்ணம் உயர்ந்தால் வாழ்வு உயரும் என்று மேடைதோறும் கேட்கிறோம், கை தட்டுகிறோம். மறுநாள் காலை அதே பேருந்தில், அதே படிக்கட்டில் தொற்றிக்கொண்டு, அதே ஆளாகக் கல்லூரிக்கு வந்து சேர்கிறோம். குறை எண்ணத்தில் இல்லை. எண்ணியதை ஏட்டில் எழுதாமல் விடுகிறோமே, அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

வள்ளுவப் பெருந்தகை 67ஆம் அதிகாரத்தில் வினைத்திட்பம் பற்றிப் பேசினார். அத்தோடு நிறுத்தினாரா? இல்லை. அடுத்த அதிகாரத்தை வினைசெயல்வகைக்கு ஒதுக்கினார். மன உறுதி வேறு, செய்யும் வகை வேறு, இரண்டும் வேண்டும். நம்மில் பலருக்கு உறுதிக்குக் குறைவில்லை, வகைக்குத்தான் பஞ்சம்.

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்ளின் (1706–1790) மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்றவரின் மகன். பள்ளிப் படிப்பு பத்து வயதோடு நின்றது. தாம் பழக வேண்டிய பண்புகள் 13 என்று அவர் இளமையிலேயே பட்டியலிட்டார். சிறு ஏடு ஒன்றில் ஏழு கிழமைக்கும் கட்டம் கீறி, தவறிய இடத்தில் கரும்புள்ளி இட்டார். வாரம் ஒரு பண்பில் தனிக் கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று! ஒழுங்கு என்னும் பண்பு தமக்குக் கைவரவில்லை என்று தன் வரலாற்றில் அவரே எழுதுகிறார். ஆயினும் அந்த முயற்சியால் தாம் மேம்பட்டதாகவும் சொல்கிறார். நல்ல பட்டியல் நம்மைப் புகழாது, பழிக்காது. புள்ளியை மட்டும் காட்டும்.

எங்கள் பாடத்திலும் ஒரு சான்று உண்டு. 1869இல் மெண்டலீவ் தனிமங்களை அட்டவணைப்படுத்தியபோது சில இடங்களை வெற்றிடமாக விட்டார். அவ்விடங்களுக்கு உரிய காலியம் 1875இலும், ஸ்காண்டியம் 1879இலும், ஜெர்மானியம் 1886இலும் கண்டறியப்பட்டன. வரிசையாக எழுதிப் பார்த்ததால் அல்லவா இல்லாதது எதுவென்று தெரிந்தது? நம்மிடம் இல்லாததும் எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

இது எல்லோருக்கும் பொது. ஆனால் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய என் போன்றோர்க்கு இதுவே வழித்துணை. படித்த வீட்டுப் பிள்ளைக்கு, "இந்த மாதம் இதற்கு விண்ணப்பம் போடு" என்று சொல்ல அண்ணன் உண்டு, சித்தப்பா உண்டு. எங்கள் வீட்டில் அன்பு உண்டு. வழி சொல்ல ஆள் இல்லை. என் தாயார் பால் கணக்கைச் சுவரில் கரிக்கோடாகப் போட்டு வைப்பார். எழுத்தறியாதவர், ஆனால் ஒரு கோடு தவறியதில்லை. கால்படிப் பாலுக்கு உள்ள கணக்கு மூன்றாண்டுப் படிப்புக்கு வேண்டாமா?

"எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும்" என்பது ஆசை. அது பட்டியல் ஆகாது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர்வதற்கான ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடைபெறுகிறது. விண்ணப்பமோ முந்தைய செப்டம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. இறுதியாண்டுத் தேர்வு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருப்பவனுக்குக் கதவு எப்போதோ அடைபட்டிருக்கும். "ஆகஸ்டுக்குள் சாதிச் சான்றிதழ் வாங்குவது, மூன்று ஆண்டு வினாத்தாள் சேர்ப்பது, தினம் ஐந்து கணக்குப் போடுவது" என்று எழுதினால் அது பட்டியல். செய்து முடித்ததும் அடிக்கத் தக்கதாக ஒவ்வொரு வரியும் இருக்க வேண்டும்.

பட்டியல் பணம் தராது. பொழுதையும் கூட்டித் தராது. மாலையில் கடை வேலைக்குப் போகும் நண்பனுக்கு நாளில் ஒரு மணி நேரமே மிஞ்சுகிறது. அவன் பத்து வேலை எழுதினால் பட்டியலே பாரமாகிவிடும். மூன்று போதும். அந்த ஒரு மணியில் எதைச் செய்வது என்று தேடியே அரை மணி கழியாமல் அது காக்கும். வண்ண மையில் அழகாக எழுதி, எழுதியதையே சாதனையாகக் கொள்வோரும் உண்டு. அவர்களுக்கு எந்த ஏடும் உதவாது.

"எல்லாம் தலையெழுத்துப்படி நடக்கும், எழுதினால் மாறிவிடுமா?" என்று சிலர் கேட்கின்றனர். தலையெழுத்தை நான் படித்ததில்லை. என் கையெழுத்தைப் படிக்க முடிகிறது. தேவையானால் அடித்துத் திருத்தவும் முடிகிறது. தலைமுறை தலைமுறையாகப் பிறர் எழுதிய கணக்குக்குக் கைநாட்டு வைத்த குடும்பங்களிலிருந்து வந்திருக்கிறோம். இன்று பேனா நம் கையில் இருக்கிறது. மாணவத் தோழர்களே! இன்றிரவு உறங்குமுன் நாளைய வேலை மூன்றை எழுதுங்கள். நாளை இரவு, முடித்ததை அடியுங்கள். முடியாததை மறுபடி எழுதுங்கள்.